பாத்தாச்சு

அவரிடம் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லி முடித்த ஆள் போர்ட் பிளேரில் ஒருவராவது இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. "சார், அந்த..." என்று நாம் தொடங்கும்போதே வலது கை மேலே எழுந்துவிடும், நாற்சந்தியில் நிற்கும் போலீஸ்காரர் கைபோல. கூடவே அந்தச் சொல் வரும். "பாத்தாச்சு." தமிழர்களிடம் பாத்தாச்சு. வங்காளியோ தெலுங்கரோ ராஞ்சிக்காரரோ என்றால் "தேக் லியா". பெரிய அதிகாரிகளிடம் "டன் சார்". மூன்று மொழி தெரிந்த மனிதர், மூன்றிலும் சொல்ல ஒரே ஒரு பொய்தான் வைத்திருந்தார்.

எங்கள் கம்பெனி சின்னது. டெலானிபூரில் ஒரு சிமெண்டு, கம்பிக் கடைக்கு மேலே வாடகை மாடி. தீவுகளின் ஜெட்டிகளுக்குக் கடல்மட்டம் பார்க்கிற, காற்று அளக்கிற, ஆபத்து என்றால் சைரன் அடிக்கிற பெட்டிகள் செய்துகொடுப்போம். அவர் மெயின்லேண்டிலிருந்து வந்த தலைமை எஞ்சினியர். நான் போர்டில் கம்பி வைத்துப் பற்றவைக்கிற ஆள். என் அப்பா ராமநாதபுரத்திலிருந்து கொத்தனாராக வந்தவர், நான் பிறந்ததே இங்கேதான். அதனால் மெயின்லேண்டிலிருந்து வந்து இறங்குகிற எவரையும் நாங்கள் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்போம். ஆனால் அவர்மேல் எனக்கிருந்தது அந்த ஊர் இளக்காரம் இல்லை. அது அவர் சொந்தமாக உழைத்துச் சம்பாதித்தது.

அவர் மேசையில் எப்போதும் ஒரு ஹெல்மெட் இருக்கும். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் அதை எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்வார். வருகிறவர் பார்க்கும்போது அவர் ஒன்று எங்கோ கிளம்பிக்கொண்டிருப்பார், அல்லது எங்கோ போய்விட்டு அப்போதுதான் வந்திருப்பார். எது என்று நமக்குப் புரியாது. அந்த நிலையில் இருக்கும் மனிதரிடம் யார்தான் உட்கார்ந்து பேச முடியும்? நின்றபடியே பாதி சொல்வார்கள், அவர் நின்றபடியே பாத்தாச்சு என்பார், அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் படி இறங்குவார்கள். சத்தம் அடங்கியதும் ஹெல்மெட் மறுபடி மேசைக்கு வரும். ஒருநாள் ஆறிப்போன டீயை ஹெல்மெட்டோடு குடிக்கப் பார்த்து, தாடைப் பட்டையில் டம்ளர் இடித்துச் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டார். எனக்கு அன்று முழுவதும் மனசு நிறைவாக இருந்தது.

ஊரில் அவருக்கு நல்ல பெயர். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். "இல்லைன்னு சொல்லவே தெரியாத மனுஷன்" என்பார்கள். இல்லை என்று சொல்லத் தெரியாதது ஒரு குணமா? முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறவன் நம்மை வேறு கதவைத் தட்ட அனுப்புகிறான். பாத்தாச்சு என்கிறவன் நம்மை அவன் வாசலிலேயே உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறான்.

கீழே கடை வைத்திருந்த பாய் கீழக்கரைக்காரர். எங்களுக்கும் அவருக்கும் மொட்டைமாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி. நகரத்தில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், வருகிற நாளில் பேய்த்தனமாக வரும். தொட்டியின் வால்வு கெட்டுப்போயிருந்த ஒரு காலையில் எதிர் டீக்கடைக்காரர் தெருவிலிருந்து கத்தினார். "அரே சாப், ஊப்பர் சே பானி கிர் ரஹா ஹை!" மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுகிறது என்று எங்கள் ஆபீஸில் இரண்டு பேர் எழுந்தார்கள். அவர் ஜன்னலுக்குப் போய்க் கையை உயர்த்தினார். "தேக் லியா!" எழுந்த இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கீழே பாயின் கடைப் பையன்களும் சார் பார்த்துக்கொள்கிறார் என்று அவரவர் வேலையில் இருந்துவிட்டார்கள். சார் ஜன்னலிலிருந்து திரும்பி வந்து செய்தித்தாளை எடுத்தார்.

மத்தியானம் பாய் மேலே ஏறி வந்தார். கோபமே இல்லாத முகம், அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

"சார், சிமெண்டு மூட்டை அம்புட்டும் கல்லாப் போச்சு."

"பாத்தாச்சு பாய்."

"நீங்க பாத்ததாலதான் சார் கல்லாச்சு. நீங்க பாக்கலேன்னா வேற எவனாச்சும் பாத்திருப்பான்."

அவருடைய வாழ்க்கையைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பாய் அதிகம் படித்தவரில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவர் பி.காம். கல்லாகிப்போன மூட்டைகளைப் பிறகு வாசலில் படியாகப் போட்டுக்கொண்டார். ஆபீஸுக்கு வருகிற எல்லோரும் அதை மிதித்துத்தான் மேலே வரவேண்டும். அவரும்.

என் வீட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனாருக்குச் சென்னைக் கப்பலில் திரும்ப டிக்கெட் வேண்டியிருந்தது. பள்ளி விடுமுறை முடிகிற நேரம், கவுண்டரில் ஈ நுழைய இடமில்லை. நான் அவரிடம் கேட்கவே இல்லை. மாமனார் ஆபீஸைப் பார்க்கிறேன் என்று வந்தவர், சும்மா இருக்காமல் அவரிடம் சொல்லிவிட்டார். சொன்னார் என்பதும் தப்பு, "கப்பல்ல..." என்றார். அதற்குள் கை எழுந்தது, பாத்தாச்சு வந்தது. நான் தனியாக வேறு ஏற்பாடு செய்யப் போனேன், மாமனார் விடவில்லை. பெரிய மனிதர் ஒருவர் செய்கிறேன் என்றபின் இன்னொரு ஆளைப் பார்ப்பது மரியாதையில்லையாம்.

கப்பல் கிளம்புகிற அன்று ஹாடோ துறைமுக வாசலில் கருவாட்டு மூட்டையும் இளநீர்க் குலையுமாக நின்றோம். அவர் பைக்கில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே சொன்னார், "அடுத்த கப்பலுக்குப் பாத்தாச்சு." எனக்கு வந்த ஆத்திரத்தில் இளநீரை எடுத்து அந்த ஹெல்மெட்டில் போட்டிருப்பேன். மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, நல்ல மனுஷன் உங்க சாரு. இல்லேன்னு சொல்ல அவருக்கு நாக்கே வரல பாருங்க."

அடுத்த கப்பல் வரும்வரை அந்தக் கருவாட்டு வாசனையோடு நாங்கள் குடித்தனம் நடத்தினோம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கதிகள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், ஹட் பே ஜெட்டிக்கு நாங்கள் வைத்த பெட்டியில் அவருடைய புத்தி போய் உட்கார்ந்துகொள்கிற வரைக்கும்.

அந்தப் பெட்டியில் இரண்டு கருவிகள். ஒன்று மிதவை, அலை திடீரென்று ஏறினால் அது தூக்கிச் சொல்லும். இன்னொன்று சிவப்புப் பட்டன். கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவே பயணிகள் இறங்கும் கேங்வே பலகை ஆடினாலோ நழுவினாலோ அங்கே நிற்கிற ஆள் அழுத்தவேண்டியது. எதுவானாலும் சைரன் அலறவேண்டும், எல்லோரும் நின்ற இடத்தில் நிற்கவேண்டும். பெட்டிக்குள் இருக்கும் கணினி சும்மா இருக்காது, ஓயாமல் ஏதாவது அளந்து எழுதிக்கொண்டிருக்கும். அவசரம் என்றால் கருவி ஒரு கம்பியைப் பிடித்து இழுக்கும். கணினி கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து பார்க்கவேண்டும். அந்த இழுப்புக்கு இன்டரப்ட் என்று பெயர். வந்து பார்க்கிற வேலையை ஒவ்வொரு கருவிக்கும் எழுதிவைத்த டிரைவர் என்கிற கணினிக் கோட் செய்யும்.

போர்டில் கம்பிக்கு இடம் குறைச்சல். அதனால் மிதவைக்கும் பட்டனுக்கும் சேர்த்து ஒரே கம்பி. அதில் தப்பில்லை, உலகம் முழுக்கச் செய்வதுதான். நான் குடியிருக்கும் குவார்ட்டர்ஸில் எங்களுக்கும் எதிர்வீட்டுக்கும் சேர்த்து ஒரே அழைப்புமணி. மணி அடித்தால் என் மனைவி கதவைத் திறந்து, வந்தவர் நமக்கு வந்தவரா என்று முதலில் பார்ப்பாள். நமக்கு என்றால் உள்ளே கூப்பிடுவாள். இல்லையென்றால் "நமக்கில்ல" என்று எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். அவ்வளவுதான் விதி. டிரைவருக்கும் அதேதான். கம்பி இழுபட்டதும் தன் கருவியிடம் போய் "நீயா கூப்பிட்டாய்?" என்று கேட்கவேண்டும். ஆம் என்றால் அதை அமர்த்திவிட்டு, வேலையைக் குறித்துவைத்துவிட்டு, "என்னுடையது" என்று சொல்லவேண்டும். இல்லை என்றால் "என்னுடையதில்லை" என்று சொல்லவேண்டும், அப்போதுதான் கணினி அடுத்த டிரைவரைக் கேட்கும்.

பட்டன் டிரைவரை எழுதியவள் புவனா. கட்சால் தீவில் பிறந்தவள். தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த குடும்பம். கடல் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனபின் அம்மாவும் அவளும் மட்டும் போர்ட் பிளேருக்கு வந்து, சிப்பிகாட் பக்கம் வாடகை வீட்டில் இருந்தார்கள். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஒப்பந்த வேலை, வருஷாவருஷம் அவர் கையெழுத்துப் போட்டால்தான் நீளும். அவளிடம் எதைக் கேட்டாலும் "இருங்க, பாத்துட்டுச் சொல்றேங்க" என்பாள். நேரம் என்ன என்று கேட்டாலும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். அவருக்கு அவளைக் கண்டால் ஆகாது என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

மிதவை டிரைவரை எழுதியவர் அவர். கோட் எழுதுகிற வழக்கம் அவருக்கு விட்டுப்போயிருந்தது. இது முக்கியமான வேலை, நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தார். மிதவையை ஒரு பெட்டியில் அதன் டிரைவரோடு மட்டும் வைத்துப் பார்த்தோம், சைரன் அடித்தது. பட்டனை வேறு பெட்டியில் புவனாவின் டிரைவரோடு மட்டும் வைத்துப் பார்த்தோம், அடித்தது. இரண்டையும் ஒரே பெட்டியில் சேர்த்து ஆபீஸ் மேசையில் பார்க்க ஒரு கேபிள் குறைந்தது. அது சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டும்.

"சார், ரெண்டையும் ஒண்ணா மாட்டி ஒருவாட்டி பாத்துட்டா..." என்று புவனா ஆரம்பித்தாள்.

"பாத்தாச்சும்மா."

"கேபிளே இன்னும் வரலீங்களே சார்."

"அதான் பாத்தாச்சுன்னு சொல்றேன்ல. பக்கா. பேக் பண்ணுங்க."

பெட்டி ஹட் பே போனது, அங்கே ஜெட்டியில் ஏற்கெனவே போட்டிருந்த ஒயரில் இரண்டு கருவியையும் மாட்டினார்கள். மிதவை பலமுறை தூக்கியது, சைரனும் அடித்தது, அவருக்குப் பாராட்டும் வந்தது. பட்டனை யாரும் அழுத்தவேண்டி வரவில்லை.

அழுத்தவேண்டி வந்த நாள் தென்மேற்குப் பருவத்தின் நடுவில். போர்ட் பிளேரிலிருந்து போன கப்பலை ஜெட்டியில் கட்டியாகிவிட்டது, ஜனங்கள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். கேங்வே அடியில் மொண்டல் தாதா, வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். குடியேறிய வங்காளிக் குடும்பத்துப் பெரியவர், ஆண்டுக்கணக்காக அந்த இடத்தில் நின்று மூட்டையோடும் குழந்தையோடும் வருகிறவர்களைக் கைபிடித்து இறக்கிவிடுகிறவர். கப்பல் பக்கவாட்டில் ஒதுங்குவதைப் பார்த்துப் பட்டனை அழுத்தியிருக்கிறார். சத்தமில்லை. மறுபடி அழுத்தியிருக்கிறார். பிறகு பட்டனை விட்டுவிட்டு ஓடி, பலகையில் கால்வைத்த ஆட்களை மார்பிலே கைகொடுத்துப் பின்னால் தள்ளியிருக்கிறார். அவர்கள் பிழைத்தார்கள். பலகை நழுவி வந்து தாதாவின் காலில் விழுந்தது.

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் நானும் புவனாவும் போய்ப் பார்த்தோம். கால் கட்டுக்குள் இருந்தது. தாதா புவனாவைப் பார்த்து, குற்றம் சொல்கிற குரலில்கூட அல்ல, புரியாமல் கேட்கிற குரலில் சொன்னார்.

"மைனே தபாயா தா, பேட்டி. ஜோர் சே தபாயா." நான் அழுத்தினேன் மகளே, பலமாகத்தான் அழுத்தினேன்.

திரும்பி வரும் வழியில், டெலானிபூர் ஏற்றத்தில், "பட்டன் என்னோடதுண்ணே" என்றாள்.

விசாரணைக்குத் துறையிலிருந்து ஒரு மலையாளி அதிகாரி வந்தார். எங்கள் சார் வெளியாள் முன்னால் ஹெல்மெட் இல்லாமல் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் நான் பார்த்தேன். பெட்டியைக் கொண்டுவந்து திறந்தால், உள்ளே பதிவில் ஒன்றும் இல்லை. அழுத்திய நேரத்தில் பெட்டி தன்னைத்தானே அணைத்து மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் தெரிந்தது. அதிகாரி நிமிர்ந்து, இது யாருடைய பொறுப்பு என்று கேட்டார்.

உலகத்திலுள்ள தண்ணீர்த் தொட்டி, கப்பல் டிக்கெட், அடுத்தவன் வீட்டுக் கல்யாண மண்டபம் எல்லாவற்றையும் தன்னுடையது என்று சொல்லி வாங்கிப்போட்டுக்கொண்ட மனிதர் அன்று வாய் திறந்தார்.

"அது என்னோடது இல்ல சார். மிதவைதான் என்னோடது, அது பக்காவா ஓடுது. பட்டன் இந்தப் பொண்ணோடது. கான்ட்ராக்ட்தான், முடிச்சிரலாம்."

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். புவனா அவரைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி அவளிடம், "நீ எந்தா சொல்றே?" என்றார்.

"இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார். பாத்துட்டுச் சொல்றேங்க. நாளைக்கு வரைக்கும் பெட்டிய என்கிட்ட விடுங்க."

அவர் சிரித்தார். "அதுல பாக்க என்ன இருக்கு? எல்லாம் பாத்தாச்சு." அதிகாரி அவரைப் பொருட்படுத்தாமல் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

மறுநாள் அதே மேசை. சென்னையிலிருந்து எப்போதோ வந்து, பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்த கேபிளை நான்தான் எடுத்து மாட்டினேன். மிதவையை ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் விட்டோம். இரண்டு கருவியும் முதன்முறையாக எங்கள் கண் முன்னால் ஒரே பெட்டியில் இருந்தன. புவனா பட்டனை அழுத்தினாள். சைரன் அடிக்கவில்லை. பெட்டியின் பச்சை விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது.

"பாத்தீங்களா சார், பட்டன்தான்" என்றார் அவர்.

பெட்டி மறுபடி உயிர்பெறும்வரை காத்திருந்தாள். பிறகு மிதவையை வாளியிலிருந்து எடுத்து, துணியால் துடைத்து, அதன் கேபிளைப் பெட்டியிலிருந்து பிடுங்கி, மிதவையையும் கேபிளையும் அவருடைய டீ டம்ளர் பக்கத்தில் வைத்தாள்.

"சார், இப்ப உங்க மிதவை மேச மேல இருக்கு. பெட்டியில இல்ல. சரிங்களா?"

"சரி. அதுக்கென்ன?"

"உங்க டிரைவர்ல ஒரே ஒரு வரி சேத்திருக்கேன். அது 'என்னோடது'ன்னு சொல்றப்ப எல்லாம் திரையில ஒரு சொல்லு எழுதும். வேற எதையும் தொடல."

பட்டனை அழுத்தினாள். திரையில் ஆங்கில எழுத்தில் ஒரு சொல் விழுந்தது. அதன் கீழே அதே சொல். அதன் கீழே அதே சொல். திரை நிரம்பி, மேலே ஓடி, நிற்காமல் ஓடியது. அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"பாத்... தாச்சு. பாத்தாச்சு. பாத்தாச்சு. இதெந்தா?"

சிரிக்கக்கூடாத இடம். கதவோரம் நின்ற பாய் சிரித்துவிட்டார். சிமெண்டு பில்லுக்கு வந்தவர், எங்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

புவனா அதிகாரிக்கு மெதுவாக விளக்கினாள். கம்பியை இழுத்தது பட்டன். முறைப்படி கணினி முதலில் மிதவை டிரைவரைக் கேட்கிறது. அது தன் கருவியிடம் நீயா கூப்பிட்டாய் என்று கேட்கவேண்டும். கேட்கவில்லை. கருவி பெட்டியிலேயே இல்லாதபோதும் "என்னுடையது, பார்த்தாயிற்று" என்று சொல்லிவிடுகிறது. எங்கள் பெட்டியின் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒருவர் பார்த்தாயிற்று என்றால் அடுத்தவரைக் கேட்காது. பட்டனோ இன்னும் கம்பியை இழுத்துப்பிடித்தபடி நிற்கிறது, அதை யாரும் அமர்த்தவில்லை. கணினி உடனே மறுபடி கேட்கிறது. மறுபடி பார்த்தாயிற்று. கணினி வேறு எதற்கும் போகமுடியாமல் அங்கேயே சுற்றி, கடைசியில் தன்னை அணைத்து ஏற்றிக்கொள்கிறது. அதற்குள் கையை எடுத்துவிட்டால் ஒரு தடயமும் இருக்காது.

"தாதா அழுத்தினாரு சார்" என்றாள். "என் டிரைவர ஒருத்தரும் கூப்பிடவே இல்ல."

அதுவரை தெளிவாக இருந்த குரல் அந்த இடத்தில் உடைந்தது. அவள் வேலைக்காக அழுகிறாள் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் தாதா கேட்ட கேள்விக்கு அவள் பதில் வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

அதிகாரி அவரைத் திரும்பிப் பார்த்தார். "இந்த மிதவை டிரைவர் யாரோடது?"

அவர் டம்ளர் பக்கத்தில் ஈரமாகக் கிடந்த மிதவையைப் பார்த்தார். வலது கை மேசையிலிருந்து கொஞ்சம் எழுந்தது, பழக்கதோஷம், பிறகு இறங்கிவிட்டது. அடுத்தவன் வீட்டு மணிக்கெல்லாம் ஓடி ஓடிப் பதில் சொன்ன வாய் அது. தன் வீட்டு வாசலில் ஆள் நின்றபோது அடைத்துக்கொண்டது. இந்த மனிதருக்காக நான் ஒருநாளும் இரக்கப்பட்டதில்லை, அன்றும் படவில்லை.

புவனாவின் ஒப்பந்தம் நீண்டது. அவர் தண்டிக்கப்பட்டாரா என்று கேட்பீர்கள். அவரைப்போன்றவர்களைத் தண்டிப்பதற்கு முதலில் யாராவது பார்க்கவேண்டுமே. சென்னைக் கிளைக்கு மாற்றினார்கள், சம்பளம் குறையவில்லை. வழியனுப்பு விழாவில் மாலை போட்டு, சமோசா கொடுத்தோம். ஏற்புரையில் தீவுகளுக்குத் தான் செய்த பணிகளைச் சொல்லிக்கொண்டே வந்தவர், "ஹட் பே விஷயத்துல ஒரு சின்னப் பிரச்சினை வந்துச்சு, அதையும் பாத்தாச்சு" என்றார். கைதட்டினார்கள். நல்ல மனுஷன் போறாரே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் உண்டு. நான் சமோசாவை வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் வால்வு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

அவருடைய டிரைவரில் புவனா சேர்த்தது கொஞ்சம்தான். மிதவையிடம் நீயா என்று கேட்கிற வரி, இல்லை என்றால் "என்னுடையதில்லை" என்று திரும்புகிற வரி. கோட்டின் தலைப்பில் இருந்த அவர் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டாள்.

"இருக்கட்டும்ண்ணே. என் பேர எதுக்கு அங்க போட? அந்த மிதவை என்னோடது இல்லீங்களே."

பெட்டியை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் ஹட் பே போனோம். மழை விட்டிருந்தது. கப்பலிலிருந்து ஜனங்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள், கோழிக்கூடை, மடித்த கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி. மொண்டல் தாதா வேலைக்குத் திரும்பியிருந்தார். ஒரு காலை இழுத்து நடந்தார், ஆனால் நின்ற இடம் அதே இடம். நாங்கள் பெட்டியைப் பூட்டி முடிக்கும்போது என் போன் அடித்தது. எடுத்து, யார் என்று பார்த்தேன். சென்னையிலிருந்து அவர். எதற்கு என்று எனக்குத் தெரியும், பெட்டி பக்காவா என்று கேட்டு அங்கே யாரிடமாவது பாத்தாச்சு சொல்லத்தான். நமக்கில்ல என்று சட்டைப்பையில் திரும்பப் போட்டேன்.

தாதா சிவப்புப் பட்டனை நம்பாமல் பார்த்தார். பிறகு புவனாவைப் பார்த்தார்.

"இஸ் பார் கிஸ்னே தேக்கா, பேட்டி?" இந்தத் தடவை யார் பார்த்தது மகளே?

முந்தின நாள் முழுவதும் அவள் வாளித் தண்ணீரும் பட்டனுமாக உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். நான் பார்த்தேன் என்று அவள் சொல்லியிருக்கலாம், அது உண்மையாகவும் இருந்திருக்கும்.

"யஹாங் அபி தக் கிஸி நே நஹி தேக்கா, தாதா" என்றாள். இங்கே இன்னும் யாரும் பார்க்கவில்லை. "ஆப் தபாயியே. தேக்தே ஹைன்." நீங்க அழுத்துங்க, பாக்கலாம்.

தாதா கப்பலைப் பார்த்தார், குனிந்து தன் காலைப் பார்த்தார், பிறகு கட்டைவிரலை வைத்துப் பலமாக அழுத்தினார். சைரன் அலறியது. கேங்வேயில் ஒரு கால் தூக்கியவர் அதைத் தூக்கியபடியே, மூட்டைக்காரர் மூட்டையோடு, ஜெட்டியில் எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள்.